ஹெல்மியும் ரவிக்கைத் துணியும்

வேதாந்தத்துக்கு வாய்ச்சவடால் ஜாஸ்தி. மந்தைவெளியில் அவர் வீட்டு மாடியில் ஏழு வருஷம் குடியிருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

டயர் கம்பெனியில் பதினாறு வருஷம் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை 1994 ஜனவரியில் உதறிவிட்டு, ஹெல்மிக்கு இந்திய ஏஜென்ட் ஆனார். ஹெல்மி என்பது பின்லாந்தில் இரண்டு பேர் சேர்ந்து உருவாக்கிய புரோகிராமிங் கருவி. என்னென்ன விவரம் வைத்துக்கொள்ள வேண்டும், அதில் என்ன கேள்வி கேட்போம் என்று சொல்லிவிட்டால் போதும், புரோகிராமை அதுவே எழுதிவிடும். பின்லாந்துக்கு வெளியே அதைக் கேள்விப்பட்டவர் அநேகமாக வேதாந்தம் ஒருவர்தான். ஏதோ பத்திரிகையில் துண்டு விளம்பரம் பார்த்துக் கடிதம் போட்டார். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர்களும் ஏஜென்சியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை. டிசம்பருக்குள் பத்துப் பேராவது அதை நிஜமாகவே உபயோகிக்க வேண்டும். யார், எதற்கு என்று பட்டியல் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சி பம்பாய்க்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

"பத்து என்ன, பத்தாயிரம் பேர் க்யூல நிப்பா, பாரு" என்றார் என்னிடம்.

தி. நகரில் அப்போது மாடிப்படி இருந்த இடமெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர். ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எங்கே போனாலும் அதே டயர் கோடவுன் உதாரணம்தான்: எந்த டயர் வந்தது, எது போனது, எது பாக்கி. அதைத் தாண்டி அவர் ஓர் அடி நகர்ந்ததில்லை. ஒரு சென்டரில் பையன் ஒருவன் எழுந்து, "சார், இத படிச்சா அமெரிக்கா போலாமா?" என்று கேட்டான். வேதாந்தம் யோசிக்காமல் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். ஹால் காலி.

சிந்தாதிரிப்பேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்ற கலீமுல்லா பாய் மட்டும், விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் ஹெல்மியை இனாமாகப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் மாதம் கையை விரித்தார். "நல்லாத்தான் கீது சார். ஆனா வாங்கறவன்லாம் அத்த அழிச்சிட்டு கேம் போட்டுக் குடுங்கறான். நான் இன்னா பண்றது?"

நவராத்திரி வந்தபோது பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. அப்போதுதான் மகானுக்கு அந்த யோசனை தோன்றியது. கொலுப்படிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்தார். அவர் மனைவி ஜானு பதறினாள். "ஏன்னா, பெருமாள் பக்கத்துல இந்தப் பொட்டியா?" அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொலு பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் முதலில் டயர் கோடவுனைப் பார்த்தாக வேண்டும், பிறகுதான் சுண்டல். பட்டுப்புடவையில் வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு டயர் எண்ணினார்கள்.

ஜானுவுக்கு வேறு கவலை. நம் ஊரில் தாம்பூலத்தோடு தரும் ரவிக்கைத் துணியை யாரும் தைப்பதில்லை. பீரோவில் வைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுவோம். தந்தவருக்கே திரும்பப் போகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். போன வருஷம் ஜானு அந்தச் சட்டத்தை மீறிவிட்டாள். எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமி தந்த அரக்குத் துணியை மாமிக்கே கொடுத்துவிட்டாள். மாமி பொங்கல் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

டயர் கதையை நாற்பது தடவை கேட்ட ஜானு, ஏழாம் நாள் மத்தியானம் அவர் வெளியே போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டயருக்குப் பதில் துணி, கோடவுனுக்குப் பதில் பீரோ. சாயங்காலம் காமாக்ஷி மாமி வந்ததும் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, "மாமி, நீங்க குடுத்த மயில்கழுத்து பாட்டு டீச்சராத்துக்குப் போயாச்சு. உங்களுக்கு மாம்பழக் கலர்" என்றாள்.

மாமி சுண்டலைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கும் இதே மாதிரி போட்டுக் குடுடி."

"நான் போடமாட்டேன். உக்காருங்கோ, நீங்களே போடுங்கோ."

விஜயதசமிக்குள் பதினோரு பேர். தினமும் மத்தியானம் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். பாட்டு டீச்சர் எந்தப் பெண்ணுக்கு எந்த வர்ணம் பாடம் ஆயிற்று என்று போட்டாள். பாங்கிலிருந்து திரும்பியதும் நான், என்னிடம் புத்தகம் வாங்கி அமுக்கிக்கொண்டவர்களின் பெயரைப் போட்டேன்.

டிசம்பர் நடுவில் வேதாந்தம் காலிக் காகிதத்தோடு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "பதினோரு பேர் உங்க ஹாலுக்கே வராளே" என்றேன்.

"பின்லாந்துக்காரனுக்கு ரவிக்கைத் துணின்னு எழுதச் சொல்றியா? மானம் போயிடும். பொம்மனாட்டிகள் விளையாடறதெல்லாம் ஒரு உபயோகமா?"

சமையலறை வாசலில் ஜானு நின்றிருந்தாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தை அவர் வாயிலேயே திணித்திருப்பேன்.

மறுநாள் அவள் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் டைப் அடித்தேன். பதினோரு பெயர், பதினோரு உபயோகம், ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவளே கையெழுத்துப் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூத்தில் ஃபேக்ஸ் அனுப்பினாள்.

எட்டாம் நாள் பதில் வந்தது. இப்படி ஓர் உபயோகம் தங்களுக்குத் தோன்றவே இல்லை என்றும், இரண்டு தடவை படித்துப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார்கள். ஏஜென்சி உறுதி. ஆனால் திருமதி ஜானு வேதாந்தத்தின் பெயருக்கு.

வேதாந்தமும் அதைப் படித்தார். மூன்றாம் நாள் அவள் பெயரில் விசிட்டிங் கார்டு அச்சடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். மனிதரை அன்றைக்கு எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த நவராத்திரி. ஜானு அடையாறில் ஓர் ஆபீசுக்கு டெமோ காட்டப் போயிருந்தாள். கொலுவுக்கு வேதாந்தமும் நானும் காவல். காமாக்ஷி மாமி வந்தாள். பீரோவைத் திறந்து துணியை எடுத்து வந்தவர் அவர். தாம்பூலத்தோடு கொடுத்தவள் நான். மாமி பிரித்துப் பார்த்தாள். நேற்று அவளே ஜானுவுக்குத் தந்த துணி.

"ஏம்ப்பா, பொட்டியில பாக்கலையா நீ?"

வேதாந்தம் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு டயர் மட்டுந்தான் தெரியும், மாமி."

மாமி துணியை மடித்து வைத்துவிட்டு நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டாள். "உக்காரு" என்றாள். அவர் உட்கார்ந்தார்.