சத்தமில்லாத விமானம்

இரண்டு சுட்டுவிரல்கள் இறக்கைக்கு அடியில் இருந்தன. அவற்றின்மேல் நின்ற சின்ன ரிமோட் விமானம் மூக்கைத் தூக்கியது. கைகள் அதை மேசையில் இறக்கி, பெற்றரியை ஒரு நூல் அளவு முன்னே தள்ளி, மறுபடி விரல்களில் ஏற்றின. ஏழாவது தடவை அது ஆடாமல் நின்றது. பெற்றரியின் இடத்தைப் பென்சிலால் குறித்த பிறகுதான் பதுர்தீன் மூச்சு விட்டார்.

பலாபத்வலையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற அவருக்கு விமானம் செய்ய யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடைத்து உடைத்தே பழகினார். அப்போதெல்லாம் எண்ணெய் கக்கும் சின்ன எஞ்சின், இரண்டு வயல் தள்ளியும் கேட்கும்படி அலறும். எஞ்சின் ஓடுகிறதா, நின்றதா என்று அந்த அலறலைக் கேட்டே அறிந்து பறக்கவிட்டார்கள். இந்தப் பெற்றரி மோட்டார் ஒரு தேசிக்காய் அளவுதான்; சத்தமும் இல்லை.

விமானம் இராசலிங்கத்துக்கு. நில அளவைத் திணைக்களத்தில் ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் கூடப் பறக்கவிட்டவர். காது மங்கத் தொடங்கிய வருடம், நடுவானில் எஞ்சின் நின்றது அவருக்குக் கேட்கவில்லை. மேலே ஏற்றப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி விமானம் விழுந்தது. அன்று கீழே வைத்த ரிமோட்டைப் பதினொரு வருடமாகத் தொடவில்லை.

அறுவடை முடிந்த வயலில் இறங்கியதுமே சொல்லிவிட்டார்: “பார்க்க மட்டும்தான் வந்தனான். என்ர கையில தரவேண்டாம்.”

“இதுக்குக் காதே தேவையில்ல சேர்!” பதுர்தீன் கத்தினார். “ஆனா எனக்குப் பதில் சொல்லத் தேவை. காது மெஷினச் சட்டைப் பையில போட்டா பைக்குத்தான் கேக்கும்.”

“உம்மட பேச்சுக் கேக்காமலிருக்கத்தான் பையில போட்டனான்,” என்றபடி இராசலிங்கம் அதை எடுத்து மாட்டினார். பக்கத்தில் பேசுவது மட்டும் கேட்கும்.

பதுர்தீன் ரிமோட்டின் பட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விமானத்தைக் காற்றுக்கு எதிரே வீசினார். அது போனது. வண்டு ரீங்காரம் போல ஒன்று, அவ்வளவுதான். முன்பு எஞ்சினை முடுக்கினாலே வயலில் ஒரு கொக்கு மிஞ்சாது. இப்போது தலைக்கு மேலே விமானம் வட்டமிட, கொக்குகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. பதுர்தீனுக்குப் புல்லரித்தது.

அந்த நேரம் தம்புள்ளைக்குப் போகும் லொறிகள் மூன்று வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்தன. ரீங்காரம் அற்றுப்போனது. மோட்டார் நின்றுவிட்டது! எஞ்சின் நின்றால் மூக்கை இறக்கு, இல்லாவிட்டால் வேகம் செத்து விழும். நாற்பது வருடப் பழக்கத்தில் பதுர்தீனின் கை தானாக ரிமோட்டின் குச்சியை அழுத்தியது. விமானம் வரப்போரத்துக் கித்துல் மரத்தை நோக்கிப் பாய்ந்தது.

“ஏனப்பா இறக்கிறீர்?” இராசலிங்கம் அலறினார். “அது ஏறிக்கொண்டெல்லே இருந்தது! நான் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறன். கைய விடும்!”

பதுர்தீன் விட்டார். விமானம் கித்துல் ஓலைகளை உரசாமல் எழும்பி, ஏறி, இன்னும் ஏறிப்போனது. லொறிகள் கடந்தன. ரீங்காரம் திரும்பக் கேட்டது. அது நிற்கவே இல்லை.

பதுர்தீன் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாந்த முகத்தில் இமைகூட அசையவில்லை. வானத்தில் உள்ளங்கையளவாகிவிட்ட விமானம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் அவர் தோளும் லேசாகச் சாய்ந்தது.

“சேர், இந்த ரிமோட்டப் பிடிங்க.”

“விழுத்திப்போடுவன்.”

“விழுத்தப் பார்த்தது நான். கண்டுபிடிச்சது நீங்க.”

இராசலிங்கம் கண்ணை வானத்திலிருந்து எடுக்கவில்லை. ஆனால் கைகள் இரண்டும் மெல்ல முன்னே வந்தன. பதுர்தீன் கழுத்துப் பட்டியைக் கழற்றி, விமானம் பறந்துகொண்டிருக்கையிலேயே, ரிமோட்டை அந்தக் கைகளில் வைத்தார்.