போர்வைக்குள் ஒரு புளியங்கொட்டை

மருமகள் ஓய்வு நேரத்தில் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பூத்தையல் போட்ட ஓரத்தைத் தொட்டதும் காவலூர்ப் பக்கத்தில் நான் வளர்ந்த மலைவீடு நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா, பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். புளி உரித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தைப்பாள். என் பழைய பாவாடைகளைக் கேட்டாள். உடுத்திய துணி கைமாறினால் சூனியம் வைத்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். மூன்று முறை உப்புத் தண்ணீரில் அலசித்தான் கொடுத்தாள்.

அவை போர்வையாகத் திரும்பி வந்தன. அம்மா தடவிப் பார்த்தபோது ஓரத்தில் ஏதோ கடினமாக இடறியது.

"இன்னாடி இது? உள்ள இன்னாத்த வச்சுத் தச்சிருக்கா?"

அரிவாள்மனையில் தையலை அறுத்தாள். ஒரு புளியங்கொட்டை விழுந்தது. புளி உரித்த மடியிலேயே சின்னம்மா தைத்திருக்கிறாள், அவ்வளவுதான். "மந்திரிச்சு வச்சது" என்று அம்மா அதை அடுப்பில் போட்டாள்.

வாசலில் சின்னம்மா நின்றிருந்தாள். "கொழந்தைக்குக் குளிருமேன்னு தச்சேங்கக்கா" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அம்மா செய்தது அநியாயம் என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

மருமகள் வெளிக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் போர்வையின் ஓரத்தை அங்குலம் அங்குலமாக நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.