படித்துறையில் கிடந்த செருப்பு

பிள்ளைகளே, எங்கள் சபைப் பள்ளிக்கூடத்துக்கும் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே போய் ஒரு வீட்டில் தங்கும். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து தங்கும். போன சம்பா நடவின்போது என் மகள் அப்படிப் போனாள். கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில், அவள் கட்டிலில், அவள் வயதுப் பெண் ஒருத்தி வந்து படுத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பத்தாவதோடு நின்றுபோன இங்கிலீஷ். கையும் தலையும்தான் எங்களுக்குள் பேசிக்கொண்டன.

வந்த மறுநாள் அவளை வயலுக்குக் கூட்டிப் போனேன். வயலில் நாங்கள் செருப்போடு இறங்க மாட்டோம், சோறு போடுகிற மண். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் சர்ச்சுக்குப் போகிற எங்களுக்கும் இது ஒன்றுதான். வாய்க்கால் படித்துறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பனைமரப் பாலத்தில் ஏறி வரப்புக்குப் போவோம். ஜாடையில் சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"என்னங்க, அந்தப் புள்ள இன்னும் டீ குடிக்கல. எங்க போச்சு?"

"வாசல்லதான் நிக்கும், பாரு."

வாசலில் இல்லை, கொல்லையிலும் இல்லை. வாய்க்கால் பக்கம் நடந்தேன். முதல் நாள் பெய்த மழையில் தண்ணீர் கரை தட்டிச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. படித்துறையின் கடைசிப் படியில், நாங்கள் அவளுக்கு வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு. இரண்டும் ஒட்டினாற்போல், தண்ணீரைப் பார்த்தபடி இருந்தன.

படியில் செருப்பு இருந்து, குளிக்கிற ஆளைக் காணோம் என்றால் எங்கள் ஊரில் யாரும் நின்று யோசிப்பதில்லை. நான் வேட்டியோடு குதித்தேன். என் சத்தம் கேட்டு என் மச்சான் ஓடி வந்தான்.

"மாமா, மதகுல பாருங்க! எதுவா இருந்தாலும் இழுத்துட்டுப் போயி அங்கதான் சேத்திருக்கும்!"

'யாரா இருந்தாலும்' என்று அவன் சொல்லவில்லை, 'எதுவா இருந்தாலும்' என்றான். அவன் மதகில் மூழ்கி மூழ்கித் துழாவினான். நான் வாய்க்காலுக்குள் காலால் தடவிக்கொண்டே நடந்தேன். காலில் ஒரு துணி சுற்றியது. குனிந்து எடுக்கக் கை வரவில்லை. "கர்த்தாவே" என்று கத்திக்கொண்டே இழுத்தேன். பழைய சாக்கு.

அப்போது என் மனதில் ஓடியதை உங்களிடம் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தோடு என் மகளின் முகமும் மாறி மாறி வந்தது. இவளைப் பெற்றவர்கள் வீட்டில்தானே அவள் இருக்கிறாள். அவர்களிடம் போய் இதை யார் சொல்வது? என் மகள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் மொழி கொஞ்சம் தெரிந்தவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

கரையேறி, அக்கரை வரப்பில் ஓடினேன். பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தண்ணீரில் இறங்கப் போனபோது நடவு வரிசையிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்.

"என்னாண்ணே, காலையிலேயே மச்சானும் மாமனுமா மீன் புடிக்கிறீங்க?"

"புள்ளையக் காணும்மா! எங்க வீட்டுக்கு வந்த புள்ளைய!"

"அட, இதுவா? விடிஞ்சதுலேருந்து எங்ககூடல்ல நட்டுக்கிட்டு இருக்கு! நிமிருடி ஆத்தா, ஒன்னயத் தேடி ஒரு குடும்பமே குளிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு முதுகு மட்டும் மெதுவாக நிமிர்ந்தது. ஆம்பளைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, மூக்கு வரை சேறு, கையில் நாற்று முடிச்சு. அவளைத் தாண்டித்தான் நான் ஓடியிருக்கிறேன்.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடி வந்து, முதலில் அக்கரைச் செருப்பைக் காட்டினாள். பிறகு தன் வெறுங்காலைக் காட்டினாள், பிறகு வயலை. நான் செய்தது சரிதானே என்று கேட்கிறாள். சரிதான். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். என் ஈர வேட்டியையும் முகத்தையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. திட்ட எனக்கு வார்த்தையும் இல்லை, மனசும் இல்லை.

வீட்டில் என் மனைவி, "அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்ல வேணாங்க. நம்ம புள்ள அங்க இருக்கு" என்றாள்.

"நம்ம புள்ளைக்கு இப்படி ஆயி, அவங்க சொல்லாம விட்டா?"

சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டோம். சேறு கழுவிய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய அப்பா, அவர் பக்கத்தில் என் மகள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா, எல்லாத்தையும் சொல்லணுமா?"

"எல்லாத்தையும் சொல்லும்மா. செருப்பையும் சொல்லு."

அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. தன் மகளையே பார்த்தார். பிறகு எழுந்து போனார். நாற்காலி காலியாக இருந்தது. கோபமோ, என் பிள்ளையை என்ன சொல்வாரோ என்று பயந்து கேட்டேன்.

"எங்கம்மா போறார்?"

என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

"பின்கதவப் பூட்டுறார்ப்பா. அந்தப் பக்கம் ஏரி இருக்கு. நான் தினமும் அங்கதான் தனியா நடக்கப் போவேன்."