மோர் வெள்ளையும் ஒரு மாப்பிள்ளையும்

என் அறைக்கு வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் வாங்க இன்று தென்னூர் போனேன். எங்கள் ஸ்ரீரங்கத்திலும் கடை உண்டு. தெரிந்தவர்கள் யாரும் விசாரிக்கக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம்.

கடைக்காரர் நீட்டிய அட்டையில் எல்லாமே வெள்ளை. ஒன்று பால் மாதிரி, ஒன்று மோர் மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் என்னைக்கும்மா?" என்றார்.

"கல்யாணம் இல்லைங்க. சும்மா என் ரூமுக்குத்தான்."

அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. "அப்ப எதுக்கும்மா இப்பவே அடிக்கிறீங்க? கல்யாணம் வந்தா மறுபடி அடிக்கணுமே!"

பக்கத்தில் பிரஷ் வாங்க வந்தவரும், "அதானே" என்றார்.

மோர் வெள்ளையையே வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். ஆட்டோவிலிருந்து பெயிண்ட் வாளியை இறக்குவதற்குள் எதிர்வீட்டு மாமி வந்துவிட்டார்.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! மாப்பிள்ளை எந்த ஊர்?"

"ஐயோ மாமி, சுவர் அழுக்கா இருக்கு. அவ்வளவுதான்."

மாமி குரலைத் தாழ்த்தினார். "புரியறது, புரியறது. நிச்சயதார்த்தம் ஆகறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் காய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை எந்த ஊர் என்று உங்களில் யாருக்காவது தெரியவந்தால், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.