பஹ்ரைனில் என் பேரில் திறக்காத கணக்கு

துறையூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் ஏழு மணி நேரம். சென்னையிலிருந்து பஹ்ரைனுக்கு விமானத்தில் நாலரை மணி நேரம். சுனாமி வந்து இரண்டு மாதம் கழிந்த மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஊரில் இறங்கினேன். நம் கடிகாரத்துக்கு அப்போது பத்தரை. கடிகாரத்தைத் திருப்பி வைக்க எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருந்தது. திரும்பி வரும்வரை இரண்டரை மணி நேரத்தை மனசுக்குள்ளேயே கழித்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் செந்தில் அங்கே எட்டு வருஷமாக இருக்கிறான். ஏசி மாட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு. விமான நிலையத்துக்கு மருமகள் மாலதியும் வந்திருந்தாள், கையில் ஒரு ஸ்வெட்டரோடு. கல்ஃப் என்றால் வெயில் என்று நினைத்துப் போயிருந்தேன். மாசியில் அங்கே குளிர்காற்று அடிக்கிறது.

விமான நிலையம் ஒரு தீவு, ஊர் இன்னொரு தீவு. நடுவில் பாலம். பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல். அலை இல்லை. ஏரி மாதிரி கிடக்கிறது. கரையோரம் பச்சையாகவும் தள்ளிப் போனால் நீலமாகவும் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் மனாமா வந்துவிட்டது. அதுதான் தலைநகரம். கடைவீதிக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. வாடகை நூற்றுப் பத்து தினார். அப்போது ஒரு தினார் நம் பணத்தில் நூற்றுப் பதினைந்து ரூபாய் என்றாள் மாலதி. பெருக்கிப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் கொஞ்ச நேரம் மெதுவாக நடந்தேன்.

திங்கள். டிக்கெட் அனுப்பும்போதே செந்தில் போனில் சொல்லியிருந்தான்: "ஊரைப் பாத்த மாதிரியும் இருக்கும், பேங்க்ல ஒரு கையெழுத்தும் போட்டுட்டுப் போயிரலாம்மா." என்ன கையெழுத்து என்பதைச் சாப்பாடு முடிந்ததும்தான் சொன்னான்.

"நாளன்னைக்கி அங்க உன்னைய ஒண்ணு ரெண்டு கேள்வி கேப்பாங்க. நெலம் வித்த பணம்னு சொல்லு. போதும்."

"நாம எங்கடா நெலம் வித்தோம்?"

"விக்கலம்மா. சும்மா சொல்றது."

மாலதி தட்டை எடுத்துக்கொண்டே, "அத்தைகிட்ட விவரத்தச் சொல்லிட்டுக் கேளுங்களேன். பொம்மையா அவங்க?" என்றாள்.

விவரம் இதுதான். இடிக்கிற கட்டடங்களிலிருந்து ஓடாத ஏசி கம்ப்ரசர்களை வாங்கி, பழுது பார்த்து, லாரியில் சவுதிக்கு அனுப்புகிறார்கள் செந்திலும் அவன் கூட்டாளி ஒருவரும். இரண்டு வருஷத்தில் செந்தில் பங்குக்கு ஆறாயிரம் தினார் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு முதலாளியின் விசாவில் வந்தவர் தனியாகத் தொழில் செய்யக்கூடாது. அந்த முதலாளியை அங்கே கஃபீல் என்கிறார்கள். அவருக்குத் தெரிந்தால் விசா போகும். அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் வரும் பேங்கில் இந்தப் பணத்தைப் போடவும் பயம். கம்பெனி கணக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தச் சின்னத் தீவில் வெளியூர்க்காரர்களுக்கென்றே பேங்க்குகள் இருக்கின்றன. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அதில் கணக்குக் கிடையாது, வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். செந்தில் அங்கே குடியிருப்பவன். நான் வேறு நாடு. ஒரு ஏஜென்ட் இதைச் சொல்லிக் கொடுத்து ஃபாரத்தையும் நிரப்பித் தந்திருந்தார்.

எங்கள் பக்கம் மனைக்கட்டு வாங்கினாலும் சரி, லாரிக்குக் கடன் எடுத்தாலும் சரி, அம்மா பேரில்தான் எழுதுவார்கள். அம்மா பேரில் ஆரம்பித்தால் விளங்கும் என்று ஒரு எண்ணம். அதனால் கணக்கை என் பேரில் எழுதுவது எனக்குத் தப்பாகவே படவில்லை. நிலம் விற்றேன் என்று சொல்வதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

செவ்வாய். காலையில் மாலதி என்னைக் கடைவீதிக்குக் கூட்டிப் போனாள். டீ நூறு ஃபில்ஸ், தோசை முந்நூறு. ஆயிரம் ஃபில்ஸ் சேர்ந்தால் ஒரு தினார். கோயில் பக்கம் ஒரு முழம் மல்லிகை ஐந்நூறு ஃபில்ஸ் சொன்னார்கள். விமானத்தில் வந்த பூவாம். "உங்களை மாதிரியே வந்துருக்கு அத்தை" என்றாள் மாலதி. வாங்கித் தலையில் வைத்தும் விட்டாள்.

சாயங்காலம் ஒத்திகை நடந்தது. மாலதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீசர் மாதிரி கேட்டாள்: "பணம் எப்படி வந்திச்சும்மா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. செந்திலுக்குக் கோபம்.

"வெளையாட்டா இருக்கா ரெண்டு பேருக்கும்? ரெண்டு வருசம் ராவும் பகலும் கஷ்டப்பட்ட காசு. கூட்டாளி வீட்டு பீரோவுல கெடக்கு. நாளைக்கே அவன் ஊருக்குப் போயிட்டான்னா நான் யார்கிட்டப் போயிக் கேப்பேன்?"

அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. "நெலம் வித்த பணம்" என்று ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தேன்.

புதன், காலை ஒன்பது மணி. டாக்சியில் போனோம். ஓட்டியவர் அந்த ஊர்ப் பெரியவர், தலையில் வெள்ளைத் துணி. செந்திலிடம் இந்தியில் ஏதோ சொல்லிக் கையை வெளியே நீட்டிக் காட்டினார்.

"இந்த பில்டிங்கெல்லாம் நிக்கிற எடம் கடலா இருந்துச்சாம்மா. சின்ன வயசுல இங்கதான் மீன் புடிச்சாராம்."

நான் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தேன். தண்ணீர் இருந்த தடமே இல்லை. டாக்சிக்கு ஒன்றரை தினார்.

பேங்க் ஒன்பதாவது மாடியில் இருந்தது. நம் ஊர் பேங்க் போல் கம்பிக் கவுண்டர் இல்லை, டோக்கன் இல்லை, நூல் கட்டிய பேனா இல்லை. பணம் எண்ணுகிற சத்தமும் இல்லை. ஒருவர் மூக்கு நீண்ட கூஜாவிலிருந்து சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றினார். ஏலக்காய் வாசனை, சீனி கிடையாது. கூடவே பேரீச்சம்பழம். கிண்ணத்தைக் கீழே வைத்தேன், மறுபடி ஊற்றினார். மூன்றாவது தடவை செந்தில் சொன்னான்: "கிண்ணத்தக் கையில வச்சு ஆட்டுனாத்தான் போதும்னு அர்த்தம்மா."

எங்களைக் கூப்பிட்ட ஆபீசர் இலங்கைத் தமிழர். ஐம்பது வயது இருக்கும். பேர் சிவநேசன் என்றார். அங்கே என்னென்ன வசதி உண்டு என்று எனக்கே நேராகச் சொன்னார், செந்திலைப் பார்த்துச் சொல்லவில்லை. டாலர், பவுன் எந்த நாட்டுப் பணத்திலும் கணக்கு வைக்கலாம். வட்டிக்கு வரி பிடிப்பதில்லை. எந்த நாட்டுக்கும் அங்கிருந்தே அனுப்பலாம். பாஸ்புக் கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும்.

"கடிதம் வீட்டுக்கு வரவேண்டாம் எண்டால் சொல்லுங்கோ அம்மா, நாங்களே வைச்சிருப்பம். வருசத்துக்கு இருபது தினார்."

கடிதத்தை அனுப்பாமல் இருப்பதற்குக் காசு வாங்குகிற இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவர் செந்திலிடம், "தம்பி, நீங்கள் வெளியில இருங்கோ. கணக்குக்காரரோட தனியத்தான் கதைக்கவேணும், இங்கத்தைய சட்டம்" என்றார். செந்தில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். கதவு மூடியதும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

வீட்டு விலாசத்துக்கு ஆதாரமாகக் கரண்ட் பில் கொண்டுபோயிருந்தோம். அதை எடுத்துப் பார்த்தார்.

"இதில இருக்கிற பேர் ஆர்?"

"எங்க மாமனாருங்க."

"அவர் உங்களோடயோ இருக்கிறார்?"

"அவர் காலமாயி இருபது வருசம் ஆச்சுங்க."

"அப்ப பில்லை ஆர் கட்டுறது?"

"நாங்கதான்."

"இருபது வருசமாவோ?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "செத்த மனிசன் ஒழுங்காக் காசு கட்டுறார்." நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் பில்லை மடித்து என்னிடமே கொடுத்தார். "உங்கட ஊரில பேர் ஒருத்தற்ற, காசு இன்னொருத்தற்ற. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனா இங்க பேர் ஆற்றயோ, காசும் அவற்ற. உங்களுக்குப் பிறகு அது உங்கட பிள்ளையள் எல்லாருக்கும் பங்கு. இது என்னெண்டு வந்தது எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால், பதில் சொல்லவேண்டியது நீங்கள். உங்கட மகன் இல்லை. விளங்குதோ அம்மா?"

விளங்கியது. எனக்கு செந்திலைத் தவிர இரண்டு பெண்கள். அவர்களை நான் நினைக்கவே இல்லை.

"இப்ப நான் கேக்கப் போறன், இந்தக் காசு எங்கால எண்டு. நீங்கள் என்ன சொன்னாலும் அதை நான் எழுதத்தான் வேணும். எழுதினாப் பிறகு என்னால அழிக்க ஏலாது. அதால யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

அவர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலம் விற்றேன் என்றால் அது பொய். என் பேரிலேயே எழுதப்படும். மகன் காசு என்றால் அது உண்மை. அவனுக்கு அந்த நாட்டில் இருக்க இடம் இல்லாமல் போகும். ஆறாயிரம் தினார் என்றால் அவனுக்கு எத்தனை நாள் தூக்கம் போயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"எனக்குக் கணக்கு வேண்டாங்க" என்றேன்.

"வேண்டாமோ?"

"வேண்டாங்க. அவனுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் எழுதேல்லை. வாடிக்கையாளர் விரும்பேல்லை எண்டு போட்டு ஃபைலை மூடிவிடுறன்." ஃபாரத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். என்னை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

கீழே வந்ததும் செந்தில் கேட்டான், "என்னம்மா, முடிஞ்சிச்சா?"

"வேணாம்னுட்டேன்டா."

"என்னது?"

"கணக்கு வேணாம்னுட்டேன். வேற ஒண்ணும் சொல்லல."

அவன் ரோட்டைப் பார்த்தபடி நின்றான். அப்புறம், "பேசத் தெரியாத ஆளைக் கூட்டியாந்தது என் தப்பு" என்றான். டாக்சி பிடிக்கவில்லை. வீடுவரை நடந்தே வந்தோம். அவன் முன்னால், நான் பின்னால். முக்கால் மணி நேரம்.

வெள்ளி. அங்கே வெள்ளிதான் விடுமுறை. மாலதி பிடிவாதம் பிடித்ததால் சவுதிப் பாலத்துக்குப் போனோம். கடல்மேல் இருபத்தைந்து கிலோமீட்டர். சுங்கம் இரண்டு தினார். பாதி வழியில் பாலத்துக்காகவே ஒரு தீவு கட்டியிருக்கிறார்கள். அதுவரை விசா இல்லாமல் போகலாம். அங்கே ஒரு கோபுரத்தின் மேலே நின்று பார்த்தால் லாரிகள் வரிசையாக நிற்பது தெரிகிறது. செந்தில் அந்த லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னோடு அதுவரை நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். "அந்த ஆபீசர் பணம் யாருதுன்னு கேட்டாருடா. பொய் சொன்னா எம்பேரு, நெசத்தச் சொன்னா உன் வேலை. எதைச் சொல்லச் சொல்ற?"

கீழே இறங்கும்போது படி செங்குத்தாக இருந்த இடத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. ஒரு நாள் மட்டும் செந்தில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கஃபீல் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினான். மாலதி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவன் தலைவலி என்று படுத்துவிட்டான். நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவானோ என்று பயம்.

புறப்பட்ட நாள். மூன்று வாரம் முடிந்து, மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விமான நிலையத்துக்குப் போகிற பாலத்தில், செந்தில் நண்பனிடம் இரவல் வாங்கி ஓட்டிய கார் மெதுவாகப் போனது. முன்னால் ஏதோ கூட்டம். செந்தில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"கஃபீல்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா."

பின்சீட்டில் மாலதி மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"என்னடா சொன்னாரு?"

"கத்துனாரு. கலாஸ், முடிஞ்சிச்சு, உன்னைய நாளைக்கே அனுப்பிர்றேன்னாரு. பாஸ்போர்ட்ட எடுத்து மேசைல போட்டாரு. அப்புறம் கம்ப்ரசர் ஒண்ணு என்ன வெலைக்குப் போவுதுன்னு கேட்டாரு."

மாலதி சிரித்தாள். செந்திலும் பாதி சிரித்தான்.

"அவரு லைசென்ஸ்ல நடத்தணுமாம். வர்றதுல பாதி அவருக்கு. கையில இருந்ததுலயும் பாதி குடுத்துட்டேன். போச்சும்மா, மூவாயிரம் தினாரு."

"மீதி?"

"பேங்க்ல போட்டாச்சு. சம்பள பேங்க்லயே."

முன்னால் கூட்டம் விலகி கார் நகர்ந்தது.

"யார் பேர்லடா?"

ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான், "எம்பேர்லதாம்மா."