அம்மாவின் சேலையில் படுத்த பூனைக்குட்டி

சாக்குப்பையின் வாயை அவிழ்த்த பிறகும் அந்தச் சாம்பல் நிறக் குட்டி வெளியே வரவில்லை. உள்ளேயே சுருண்டு கிடந்து கத்தியது. அதைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சின்னம்மாவும், கதிரை காலியாக இருந்தும் உட்காராமல் சுவரோரமாகவே நின்றார். கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றுப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு இருவரும் அன்றுதான் குடிவந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலேரியா வீட்டுக்கு வீடு ஆட்களைப் படுக்கவைத்த ஆண்டில் என் அம்மா இறந்தார். ஆறு மாதம் கழித்து, அம்மாவின் கூடப்பிறந்த தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். தாயில்லாப் பிள்ளைக்குச் சின்னம்மாவைவிட யார் உண்டு என்பது பெரியவர்களின் நியாயம். அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. முன்பெல்லாம் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனால் அவர் முந்தானையை விடமாட்டேன். அதே சின்னம்மா அம்மாவின் அடுப்பைப் பற்றவைத்ததும் எனக்கு ஆகாதவராகிவிட்டார். அவர் சமைத்ததை மூன்று வேளையும் தின்றுகொண்டே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

பூனைக்குட்டி எனக்காகத்தான் வந்தது. அதைக் கண்டால் எனக்கு மனம் தேறும் என்று நினைத்திருப்பார். குட்டியோ அலுமாரிக்கு அடியில் புகுந்துகொண்டு இரண்டு நாளாகப் பாலைத் தொடவில்லை. சின்னம்மா அதன் பாதத்தில் நெய் தடவினார், தூக்கிக்கொண்டு அடுப்பை மூன்று முறை சுற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான அவர்கள் லயத்து வழக்கம் இன்னும் ஒன்று மிஞ்சியிருந்தது. வீட்டுக்காரி உடுத்திய சேலையில் படுக்கவைத்தால், குட்டி அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு தங்கிவிடுமாம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குட்டி ஒரு மரப்பெட்டிக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே விரித்திருந்தது அம்மாவின் ஊதாச் சேலை. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அம்மா கடைசியாக உடுத்தியிருந்தது; துவைக்காமலே அலுமாரியில் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். அது அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

"ஒங்க சேலையப் போட வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"ஏங்கிட்ட இன்னும் இந்த வீட்டு வாசம் வரலையே, புள்ள," என்றார் சின்னம்மா.

அதைச் சொல்லும்போது அவர் எவ்வளவு நொந்திருப்பார் என்று இன்றுதான் புரிகிறது. அன்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். குட்டி உருண்டு விழுந்து கத்தியது.

"பூன நாத்தம் அடிக்குது! எங்கம்மா சேலைய அசிங்கம் பண்ணிட்டீங்க!"

உண்மையில் ஒரு நாற்றமும் இல்லை. அவரை நோகடிக்க எனக்கு வேறு சொல் அகப்படவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

அடுத்த நாள் மாலை வீட்டுக்கு வந்தால், கொடியில் அந்த ஊதாச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. சவர்க்காரம் போட்டு அலசி, கஞ்சிகூடப் போட்டிருந்தார். குட்டி அடுப்படியில் சின்னம்மாவின் பழைய சேலை ஒன்றின் மேல் சுகமாகப் படுத்திருந்தது. அதற்கு அவர் வாசமே போதுமானதாக இருந்திருக்கிறது. நான் புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கொடிச் சேலையில் முகத்தைப் புதைத்தேன். சவர்க்கார வாசம் மட்டும்தான் இருந்தது.

"அம்மாவக் கழுவிட்டீங்க! அம்மாவக் கழுவிட்டீங்க!" என்று இரண்டு கையாலும் அவரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. நீதானே நாற்றம் என்றாய் என்று கேட்டிருக்கலாம். ஆனால் சேலையின் ஓரத்தைப் பிடித்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே கொடிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நீ அழுதியேன்னுதான் தொவச்சேன், புள்ள," என்றார். "எனக்கும் அக்கா வாசம் அதுல மட்டுந்தான் இருந்துச்சு."

அம்மா செத்துப்போனது எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.