ராகு காலத்தில் காய்ந்து ஓடிய கியர்பாக்ஸ்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டிய எங்கள் பிக்கப் வண்டி, முந்தின நாள் சாயங்காலம் கியர்பாக்ஸில் ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடியது. ஓட்டியவன் நான். ஆயிலை வடித்தவனும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள், ஒரே சாயங்காலம், நல்ல புத்தியோடு செய்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் அன்றாடம் திருநீறு பூசி, தேவாரம் நாலு வரியாவது சொல்லி, பிறகே காப்பி குடிக்கிறவன். அந்தப் புத்திதான் இந்த வேலையைச் செய்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. சேரன்மகாதேவிக்கு, எங்கள் வாயில் சேர்மாதேவிக்கு, நாலு கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவே ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. வாழைத்தார் ஏற்ற ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. வருஷம் பூராவும் எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடலாம். உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் அவரவர் சாஸ்தா முன்னால் போய் நின்றாக வேண்டும். எங்கள் சாஸ்தா மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில், பஸ் போகாத இடத்தில் இருக்கிறார். இருக்கிற இடத்தைப் பார்த்தால் பக்தர்கள் வருவதை அவர் அவ்வளவாக விரும்பவில்லை என்றுதான் தோன்றும்.

அந்த வருஷம் என் அண்ணன் வருகிறேன் என்று எழுதியிருந்தான். மூன்று வருஷம் கழித்து வந்த முதல் கடிதம். கார்டில் இரண்டே வரி. ‘உத்திரத்துக்கு வருகிறேன். வண்டி இருக்குமா?’ சௌக்கியமா என்று கூடக் கேட்கவில்லை. அவன் தூத்துக்குடியில் ஒரு ஆபீசில் கிளார்க்கு. பேனாவில் மை வீணாவது அவனுக்குப் பிடிக்காது.

மூன்று வருஷம் நாங்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு காக்கா.

அப்பாவின் திதி எங்கள் வீட்டில்தான். படைத்த சோற்றை மதிலில் வைத்துக் காக்கா எடுத்த பிறகே மனுஷர் சாப்பிடுவோம். அந்த வருஷம் பார்த்து ஒரு காக்கா வரவில்லை. மணி ஒன்று, இரண்டு, இரண்டரை. நான் மொட்டைமாடியில் நின்று ‘கா, கா’ என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். அண்ணனுக்கு வயிற்றில் புண் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டு விடுவான். இரண்டே முக்காலுக்கு அவன் இலையைப் போட்டு உட்கார்ந்து, அவனே ரசத்தை விட்டுப் பிசைய ஆரம்பித்து விட்டான்.

“அண்ணே, காக்கா எடுக்கலை இன்னும்!”

“அப்பா மூக்கு எனக்குத்தான் இருக்கு. நான் தின்னா அப்பா தின்னாப்பலதான்” என்றான் வாய் நிறையச் சோற்றோடு.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நீ மகனா வரலை, பந்திக்கு வந்திருக்கே” என்று சொல்லி விட்டேன். பாதி இலையில் எழுந்து, கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பியிருக்க மாட்டான், காக்கா வந்துவிட்டது. ஒன்றில்லை, ஏழு. வடையை முதலில் எடுத்துக்கொண்டு, சோற்றை மதில் பூராவும் இறைத்துவிட்டுப் போயின. அப்பாவே வந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

அதற்குப் பிறகு மூன்று திதிக்கும் நான் காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது, அவன் பாதியில் விட்டுப்போன அந்த இலைதான் கண்முன் வரும். போய் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆகவே கார்டு வந்ததும் நான் நினைத்தது ஒன்றுதான்: வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். வண்டி நின்றால் அண்ணன் போய்விடுவான். இந்த முறை போனால் அப்புறம் என் சாவுக்குக் கூட வரமாட்டான்.

வண்டியோ மூன்றாவது கியர் விழ அடம்பிடித்துக் கொண்டிருந்தது. ஆயில் மாற்றி வருஷக்கணக்காயிற்று. உத்திரத்துக்கு முந்தின வாரம் மெக்கானிக்கிடம் விட்டால் சித்திரைக்குத்தான் கைக்கு வரும். ஊரில் இருக்கிற அத்தனை வேனும் அங்கேதான் கிடக்கும். கியர் ஆயில் மாற்றுவதென்ன பெரிய வித்தையா, மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு என்று நானே இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வண்டியைக் கால்வாய்க் கரையில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். ஆயில் சூடாக இருந்தால்தான் இளகி வடியும். சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் படுத்தேன். முதலில் பக்கவாட்டில் ஆயில் ஊற்றுகிற திருகைக் கழற்றிப் பார்த்துக் கொள்ள வேண்டும். அது துருவேறி வராமல் போய், கீழே உள்ளதைத் திறந்து வடித்தும் விட்டால், மறுபடி ஊற்ற வழி கிடையாது. அது தெரிகிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளாமல் விட மனசில்லை.

கீழ்த் திருகைக் கழற்றியதும் கறுப்பாய் ஆயில் அடியில் வைத்திருந்த பேசினுக்குள் இறங்கியது. பல்சக்கரம் தேய்ந்த தூள் அதில் பொடிப்பொடியாய் மினுங்கியது. கியர் ஆயில் நாற்றம் தெரியாதவர்கள் அழுகின முட்டையை மோந்து பார்த்துக் கொள்ளலாம். நாங்கள் சைவம், முட்டை நாற்றம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

கடைசிச் சொட்டு வடிகிற வரை பொறுமையாகக் கிடந்தேன். திருகைத் துடைத்து மாட்டி இறுக்கினேன். மேல் திருகையும், தூசி விழாமல், கையாலே ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன். கியர்பாக்ஸுக்கு மூன்று விரலால் திருநீறு பூசினேன். புது ஆயில் டப்பா பூஜையில் இருந்தது. காலையிலேயே சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மேலே ஒரு செவ்வந்தியும் சாத்தியிருந்தேன். எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட வாயெடுத்தவன், மணியைப் பார்த்தேன். நாலு இருபத்தெட்டு. ஞாயிறன்று நாலரை முதல் ஆறு வரை ராகு காலம்.

“ஆயிலை ஆறு மணிக்கு ஊத்திக்கிடுதேன்” என்றேன்.

“கையோட ஊத்திட்டு எந்திரிங்களேன். ராகுவுக்குக் கியர்பாக்ஸுல என்ன சோலி?” என்றாள் அவள்.

“புதுசா ஒண்ணை ராகு காலத்துல சேர்க்கக் கூடாது. நாளைக்கு அண்ணன் ஏறுத வண்டி.”

“அப்பம் வண்டி மேல ஒரு சீட்டாவது எழுதி வைங்க.”

“நான் என்ன, மறக்கவா போறேன்?” என்று சொல்லிவிட்டு, சோப்புப் போட்டு மூன்று தரம் குளித்தேன்.

துண்டோடு நிற்கும்போதே தெருக்கடைக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டார். அந்தத் தெருவில் போன் அவர் கடையில் மட்டும்தான்.

“அண்ணாச்சி! ஒங்க அண்ணன் பேசுதாவ. சேர்மாதேவி பஸ்ஸ்டாண்டுல வந்து நிக்காவளாம். டவுன் பஸ் வரலையாம். ‘அவன் வருவானா, நான் திரும்பிப் போவட்டுமா’ன்னு கேக்காவ!”

நான் சட்டையை மாட்டியது ஞாபகம் இல்லை. செங்கல்லைக் காலால் தள்ளியது ஞாபகம் இருக்கிறது. ராகு காலத்தில் கிளம்பலாமா என்று ஒரு நொடி வந்தது. அண்ணனைக் கூப்பிடப் போவது புதுக் காரியமா, அது பிறந்ததிலிருந்து இருக்கிற காரியம்தானே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினேன். ராகுவைப் பற்றி யோசித்தவன் ஆயிலைப் பற்றி யோசிக்கவில்லை.

பஸ்ஸ்டாண்டில் அண்ணன் ஒரு பையோடு நின்றான். மெலிந்திருந்தான். மூக்கு மட்டும் அப்படியே அப்பாவுடையது. ஏறி உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் வயல் போய்க்கொண்டே இருந்தது. எங்களுக்குப் பதில் வண்டி பேச ஆரம்பித்தது. முதலில் கொசு பாடுகிற மாதிரி. அப்புறம் சங்கு ஊதுகிற மாதிரி.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். “என்னலே, வண்டி ஒப்பாரி வைக்கு?”

“எப்பமும் அப்படித்தான்.”

“சாவு வண்டியா ஓட்டுதே?”

கியர்க் கம்பி கையில் நடுங்கியது. தொட்டால் சுட்டது. அடியிலிருந்து தீய்ந்த வாடை. அப்போதுதான் என் கண்முன் பூஜை அறை வந்தது. சாமி படம், குத்துவிளக்கு, செவ்வந்திப் பூ வைத்த ஆயில் டப்பா. எல்லாம் துலக்கமாய்த் தெரிந்தது. வண்டியைக் கால்வாய்க் கரையோரம் நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்.

“என்ன ஆச்சு?”

“கியர்பாக்ஸுல ஆயில் இல்லை.”

“ஒழுவிட்டா?”

“நான்தான் வடிச்சேன்.”

“வடிச்சவன் ஊத்தலையா?”

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. “ராகு காலம்” என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பையை எடுத்து மடியில் வைத்துக் கொண்டான். அன்றைக்கும் அந்தப் பையைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

“இங்கன இரு. போயிராத. நான் எடுத்துட்டு ஓடியாந்துருதேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பது வயசுக்காரன் வரப்பில் ஓடியதைப் பார்த்து, வேலை முடிந்து கரையேறிக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எழுதுகிற மாதிரி இல்லை. வீட்டில் மனைவி, வாசலில் வண்டி கிடந்த வெற்று இடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். என் மூஞ்சியைப் பார்த்தாள். டப்பாவையும் டியூபையும் புனலையும் கையில் கொடுத்தாள். பூவை மட்டும் எடுத்துக் கொண்டாள்.

சைக்கிளை மிதித்துத் திரும்பினேன். அண்ணன் போகவில்லை. கால்வாய்ப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தான். மணி ஐந்து நாற்பது.

நான் அடியில் புகுந்து மேல் திருகைக் கழற்றி, டியூபைச் செருகினேன். மறுமுனையில் புனல். “மேல நின்னு ஊத்து. பைய ஊத்தணும்” என்றேன்.

“மணி ஆறு ஆவலையே.”

“ஊத்துண்ணே. ராகுவை நான் பாத்துக்கிடுதேன்.”

ஊற்றவில்லை. அவன் செருப்புதான் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை.

“இங்க பாரு. இப்பம் ஊத்துவோம். நாளைக்கு வழியில வண்டி படுத்துக்கிட்டா நீ ராகு காலத்துல ஊத்துனதாலன்னு சொல்லுவே. சாவுத வரைக்கும் சொல்லுவே. எனக்கு ஒன்னையத் தெரியும்லா? சூடும் ஆறட்டும். இருபது நிமிஷம் பொறுத்துக்கிடுதேன்.”

“வயித்துப் புண்ணு…?”

“மாத்திரை போட்டிருக்கேன். அன்னைக்கும் போட்டிருக்கலாம். போடலை.”

அவன் மன்னிப்புக் கேட்கிற அழகு அவ்வளவுதான். நான் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, டியூபைப் பிடித்துக்கொண்டு, “நானும் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தால் வந்திருக்காது. கியர்பாக்ஸைப் பார்த்துச் சொன்னதால் வந்தது.

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாலும் அவன் ஊற்றவில்லை. ஆபீஸ் வாட்ச். திருகுத் துளை வழியாக ஆயில் பொங்கி என் கழுத்தில் வழிகிற வரைக்கும் ஊற்றினான். போதும் என்று நான் மூன்று தரம் கத்தினது காதில் விழவில்லையாம். நம்புகிறேன்.

வண்டி கிளம்பியது. மூன்றாவது கியரில் மட்டும் ஒரு ஊளை தங்கிவிட்டது. விற்கிற வரைக்கும் அது போகவில்லை. மறுநாள் அந்த ஊளையோடேயே, பொங்கல் பானையும் விறகுமாக, நாங்கள் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாஸ்தாவுக்குத் தூரத்திலேயே காது கேட்டிருக்கும்.

கோயிலில் ஜனக்காடு. எங்கள் முறை வந்து பொங்கல் பொங்கி, பூசாரி வந்து படைக்க மத்தியானம் ஒரு மணியாவது ஆகும் என்றார்கள். அதுவரை பச்சைத்தண்ணீர்தான், எங்கள் வழக்கம். பதினொன்றுக்கே அண்ணன் மரத்தடியில் சாய்ந்து, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத மாதிரி எங்கோ பார்த்துக் கொண்டிருந்தான்.

நான் வண்டிக்குப் போய், திரும்பும்போது சாப்பிட மனைவி கட்டி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, நாலை இலையோடு எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன்.

“படைக்கலையே இன்னும்” என்றான்.

“சாஸ்தாவுக்கு வயித்துப் புண்ணு இல்லைண்ணே. நீ தின்னு.”

தின்றான். நான் அவனை மறைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றேன், இலை காலியாகிற வரைக்கும்.